ஒன்றும் வளரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

இந்த வார்டில் எல்லோருக்கும் எலும்பில்தான் சீழ். பாதிப் பேர் அப்பாவைப் போல விபத்தில் கால் முறிந்து தகடு வைத்தவர்கள். மீதிப் பேர் சர்க்கரையால் கால் புண்ணானவர்கள். பக்கத்துக் கட்டில் டிரைவர் அண்ணன், "உங்கப்பாவுக்கு இரும்பால வந்துச்சு, எனக்கு இனிப்பால வந்துச்சு" என்பார். அப்பாகூட அதற்குச் சிரித்தார்.

சீழ் ஒரே மாதிரி இருந்தாலும் கிருமி ஆளுக்கு ஆள் வேறாம். எதுவென்று தெரிந்தால்தான் ஆறு வாரத்துக்குச் சரியான ஊசி போட முடியுமாம். அதற்காக எலும்பைச் சுரண்டி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். எடுப்பதற்கு முன் பதினான்கு நாள் கிருமிக்கான எந்த மாத்திரையும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பத்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். "பழைய மாத்திரை ஒண்ணே ஒண்ணு குடும்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்று கெஞ்சினார். நம் அப்பா கெஞ்சி நீ பார்த்திருக்கிறாயா? கொடுத்தேன். மீதி நாளும் கொடுத்தேன்.

பரிசோதனையில் ஒன்றும் வளரவில்லை என்று சொன்னார்கள். கிருமி செத்துவிட்டது என்றே நினைத்தோம். அப்பா வீட்டுக்குப் போகச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். டாக்டர் முகம் மட்டும் மாறிவிட்டது. மாத்திரை உள்ளே போனால் கிருமி சாகாமல் எலும்பில் பதுங்கிக்கொள்ளும், பரிசோதனையில் வளராது, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியானால் குத்துமதிப்பாகத்தான் மருந்து போட வேண்டும், தப்பினால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

 நடந்ததை ஒரு சீட்டில் எழுதி நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "எட்டாவதோட நின்னுட்டேன்னு சொன்ன, கையெழுத்து அழகாத்தான் இருக்கு" என்றார். மிச்ச மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுபடியும் முதலிலிருந்து பதினான்கு நாள். இன்று மூன்றாம் நாள். அப்பா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் டிரைவர் அண்ணன் மூலமாகத்தான் கேட்கிறார். மத்தியானத்திலிருந்து உடம்பு சுடுகிறது. மருந்துக் கடை எதிர்ச் சாரியிலேயே இருக்கிறது.

அக்கா, போன் செய்யும்போது அப்பாவைச் சமாதானப்படுத்திவிடாதே. இன்னும் பதினோரு நாள் என்மேல் கோபமாகவே இருக்கட்டும். பேச ஆரம்பித்தால் கேட்பார். கேட்டால் முடியாதென்று சொல்ல எனக்கு வராது.

உன் தங்கை