கீழே இறக்கி வைத்த வாஷ்பேசின்

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

அன்பு மகன் பழனிக்கு, அம்மா மனதார வாழ்த்திச் சொல்வது. இங்கே நானும் உன் நைனாவும் தேவகியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் மருமகள் மரியம்மாளும் பேரன் தாவீதும் அப்படியே இருக்க ஏகாம்பரநாதர் துணை. அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடுங்கள், நீயும் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சிதான் எழுதுகிறாள், நைனா தூங்கின பிறகு சமையலறையில் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போன தடவை அவர் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணைக் கட்டிக்கினு போனவனுக்கு இந்த வூட்லருந்து கடுதாசி போவக் கூடாது என்று கிழித்துப் போட்டதிலிருந்து, அவர் இருமினாலே இவள் விளக்கைத் தணித்துவிட்டு இருட்டிலேயே எழுதுகிறாள். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இப்போது வீட்டுச் சேதி. நீ முதல் சம்பளத்தில் வாங்கி வைத்தாயே குளியலறை வாஷ்பேசின், அது விரிசல் விட்டு ரொம்ப நாளாக அடியில் வாளி வைத்துத்தான் காலம் ஓட்டினோம். மாற்றலாம் என்றால் நைனா தறியை விட்டு அசையவே மாட்டார். போன வாரம் திடீரென்று தறியை விட்டு எழுந்து போனவர், ரங்கசாமி குளத்துப் பக்கம் ஒரு கடையில் புதுசு வாங்கி, வைக்கோல் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். கலியன் கொத்தனார் வந்து பழையதைப் பெயர்த்து எடுத்ததும், இவர் பக்கத்து வீட்டு எல்லம்மாளின் பேரனுக்கு பிஸ்கட் கொடுத்துக் கூட்டி வந்து சுவரோரம் நிற்க வைத்தார். அவன் மார்பு உயரத்துக்குத் தறியின் பாவு நூல் ஒன்றை இழுத்துப் பிடித்து, இங்க வெய்யி என்றார். கலியன் திகைத்துப்போய், இன்னாங்க, இவ்ளோ கீழயா, பெரியவங்க மண்டி போட்டுக்கினுதான் மூஞ்சி கழுவணும் என்றான். குனிஞ்சா இடுப்புக்கு நல்லதுப்பா, வாய மூடிக்கினு வேலையப் பாரு என்று இவர் அதட்டினார். எல்லம்மாள் சிரித்துச் சிரித்து, ஏம்மா பூவு, உங்க வூட்டுக்காரரு மறுபடியும் பால்வாடிக்குப் போறாரா என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தப் பையனும் நம் தாவீதும் ஒரே ஆடியில் பிறந்தவர்கள். அது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் எல்லோரும் குனிந்துதான் பல் விளக்குகிறோம், எனக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது, ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. பொங்கலுக்கு மூன்று பேரும் வந்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களை வரவழைத்து, வாசலில் நிற்க வைத்து, மருமகள் முகம் வாடினால் என்னால் தாங்க முடியாது. அதனால் லீவு மட்டும் கேட்டு வை, டிக்கெட் வாங்காதே. தாயார் காமாட்சி உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். பதிலை எப்போதும்போல எல்லம்மாள் வீட்டு விலாசத்துக்கே போடு, மறந்துவிடாதே.

உன் அம்மா,
பூவம்மாள்

அண்ணா, இது தேவகி, நானாக எழுதுகிறேன். அம்மா சொல்லி முடித்ததும் நைனா எழுந்து வந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது, காகிதத்தைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் குளியலறைக்குப் போய், அந்த வாஷ்பேசினில் குனிந்து வாய் கொப்பளித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே, பையன் எவ்ளோ ஒசரம்னு கேட்டு எழுதும்மா, எட்டலன்னா பொங்கலுக்குள்ள கலியனக் கூப்பிட்டு இன்னும் எறக்கிடலாம் என்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறாள். டிக்கெட் வாங்கிவிடு அண்ணா. பதிலை நம் வீட்டு விலாசத்துக்கே போடு.