ஐம்பதாம் பக்கத்துப் பென்சில்

14 நவம்பர் 1998, சனி
பிளசன்டன், கலிபோர்னியா

அவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. அவர் கடைசியாகப் பாதி படித்து வைத்த துப்பறியும் நாவல் இன்று லைப்ரரியில் கையில் கிடைத்தது. சின்ன ஊரில் ஒரு கொலை. செத்தவனே ஆவியாக வந்து பெண்டாட்டியிடம் துப்புச் சொல்கிற கதை. அவருக்கு அந்த வரிசை என்றால் உயிர். ஒவ்வொரு புத்தகத்திலும் ஐம்பதாம் பக்கத்து ஓரத்தில், கொலைகாரன் யாரென்று ஊகித்துப் பென்சிலால் தமிழில் எழுதிவிடுவார்.

"லைப்ரரி புக்ல எழுதாதீங்க" என்று திட்டுவேன்.

"தமிழ்தானே, இங்க யாருக்குப் புரியப்போகுது?" என்பார்.

இதிலும் இருந்தது: 'பேக்கரிக்காரி'.

அங்கேயே உட்கார்ந்து கடைசிவரை படித்தேன். கொலை செய்தது போஸ்ட்மாஸ்டர்.

வீட்டில் கவிதா புத்தகத்தைப் பார்த்ததும், "டிட் அப்பா கெட் இட் ரைட்?" என்று கேட்டாள்.

"கரெக்டா சொல்லிட்டார்டி" என்றேன்.

அந்தக் கதைகளில் யாராவது பொய் சொன்னால் செத்தவனுக்குப் பொறுக்காது. உடனே சமையலறையில் வந்து நிற்பான். கவிதா மாடிக்குப் போன பிறகும் நான் அடுப்பருகிலேயே நின்றிருந்தேன். சாம்பார் அடிப்பிடித்ததுதான் மிச்சம்.