நீ சொல்லிவிட்ட விரதம்

அன்பு மகன் கிஷனுக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மருமகள் வாணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பத்துமலை முருகனை நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் ஸ்பீக்கரைப் போடு என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நம்பர் எடுத்துவிட்டு எழுதுகிறேன், இந்தத் தாளைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். அவர் அந்தப் பக்கம் டிவி பார்க்கிறார்.

பார்கின்சன் நோய்க்காரர்கள் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் மூளைக்கு நல்லது என்று ஒரு வீடியோ அனுப்பினாயே, அன்றைக்கே எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டினியில் நடுக்கம் நிற்கும் என்றால் மாத்திரை எதற்கு? அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் பேசி முடித்ததும் ஏதோ பவுடர் டப்பாவைக் காட்டினான், நான் பார்த்தேன். ஆனால் அப்பா காலைத் தோசையை விட்டுவிட்டார், மதியம் வரை வெறும் தண்ணீர்தான். உடம்பு லேசாக இருக்கிறது என்று இரண்டு நாள் பெருமை வேறு. அப்புறம் பார்த்தால் காலையில் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. போன வாரம் கிள்ளான் பாசாரில் மீன் கடை முன்னால் நகர முடியாமல் நின்றவரைத் தள்ளுவண்டி இடித்து, விழுந்துவிட்டார். முட்டியில் தோல் உரிந்ததோடு சரி, பயப்படாதே.

முதலில் எனக்குத் திருச்செல்வம் மேல்தான் சந்தேகம் வந்தது. அப்பாவோடு ரயில்வேயில் இருந்தவர், இப்போது மூலிகைச் சாறு விற்கிறார், டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள் எல்லாம் குடிக்கிறார்களாம். என்னத்தக் குடுத்தீங்க அண்ணே என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டேன். சாமி சத்தியமா ஒண்ணும் குடுக்கல தங்கச்சி, குடுத்திருந்தா டிஸ்கவுண்ட் கேட்டே என்னைக் கொன்னிருப்பாரு என்றார் பாவம். அதில் நியாயம் இருக்கிறது, இருந்தாலும் அந்தச் சாற்றை நான் நம்பமாட்டேன்.

முந்தாநாள் துவைக்கும்போது அப்பா சட்டைப் பையில் டிஷ்யூவில் சுற்றிய மாத்திரைகள். எல்லாம் காலையில் தண்ணீரோடு மேசையில் நான் வைத்துவிட்டுப் போகும் மாத்திரை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேட்டால், விரதம்னா விரதம்தான்லா, மாத்திரை வாயில பட்டா முறிஞ்சிடும், மகன்தானே இருக்கச் சொன்னான் என்கிறார். விரதம் இருங்கப்பா என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாயாமே. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? டயட் என்று சொல்லியிருந்தால் மறுநாளே நாசி லெமாக் வாங்கித் தின்றிருப்பார்.

இன்று டாக்டரம்மா சொன்னார், இதில் ஆராய்ச்சி நடக்கிறதாம், பெரும்பாலும் எலிகளை வைத்துத்தானாம், மனிதர்களுக்கு இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். அப்பாவுக்கு எடையும் குறைந்திருக்கிறது, பிரஷரும் இறங்கியிருக்கிறது, அதனால் இவருக்குப் பட்டினியே வேண்டாம், மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது பெரிய ஆபத்து என்று கண்டித்தார். அப்பா நன்றாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் காதருகில், எடுத்த விரதத்த நான் பாதியில விட்டா குத்தம் தூரத்துல இருக்கிற பிள்ள தலையில விழும், அவன் வாயால முடிச்சு வைக்கட்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் இந்த மனுஷர் மருந்து இல்லாமல் விறைத்துப்போய்க் கிடந்திருக்கிறார்.

வாணியிடம் குளிருக்குக் காலுறை போடச் சொல். இருவரும் நீண்ட ஆயுசோடு, மனம் ஒத்து நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, நாளைக் காலை அப்பா எழுந்ததும் நீ கூப்பிட வேண்டும். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தான், சாக்குச் சொல்லாதே. மன்னிப்பு எல்லாம் கேட்டு அவரைக் குழப்பாதே. விரதம் நிறைவாயிடுச்சு, மாத்திரையப் போடுங்கப்பா என்று சொல்லிவிட்டு, அவர் விழுங்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் போனை வைக்காதே.

உன் அம்மா,
தாமரை