ஐஸில் வந்த டப்பா

செவ்வாய், இரவு.

விந்தைக் கழுவி, நன்றாக நீந்துபவற்றை மட்டும் பிரித்து எனக்குள் செலுத்துவதாக ஏற்பாடு. வீட்டில் எடுத்து, உடம்புச் சூடு படும்படி சட்டைக்குள் வைத்துச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வெயிலில் கெட்டுவிடும் என்று பயந்து இவர் ஐஸில் வைத்துவிட்டார்.

"கழுவிப் பார்த்துட்டேம்மா. ஒண்ணுகூட அசையல," என்றார் லேப் அக்கா.

"மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவரு குளுருலதான எடுத்தாராரு," என்றார் இவர்.

"நீங்க இன்னா மாடா? இங்கயே இன்னொரு தடவ குடுங்க. நாளைக்கு வரைக்கும் முட்ட தங்காது."

அதற்கென்று இருக்கும் அறைக்குள் போனவர், வெகுநேரம் கழித்து வெறும் டப்பாவோடு வந்தார்.

"என்னால முடியலம்மா."

பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. இப்போதும் தூங்காமல்தான் படுத்திருக்கிறார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வருகிறது. ஆனால் பரவாயில்லை என்று எனக்கே தோன்றவில்லை.