நாலாம் பெட்டியில் கிடந்த பெயர்

மார்ச் 1, 2025
படகுப் பட்டியல் போடும் புது புரோகிராமை நானும் சேர்ந்து எழுதினேன் என்று அனலைதீவு முழுக்கச் சொல்லித் திரிகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, துறையில் பட்டியல் பார்க்கிறவன் நான். எழுதியது தங்கச்சியின் மகள் நிருஜா. இடம் வேண்டியவர்கள் அனுப்பும் செய்தியிலிருந்து அது பெயரைப் பிடித்துப் பட்டியலில் போடும். நான் பக்கத்தில் இருந்து பிஸ்கட் தின்றேன்.

மார்ச் 3
நிருஜா இன்னும் ஒரு கிழமை அவகாசம் கேட்கிறாள். இளசுகள் பெயரை முதலில் எழுதுகிறார்கள். வயதானவர்கள் வட்டாரத்தை முதலில் எழுதுகிறார்கள். இரண்டு மாதிரியையும் அடைப்புக்குறிகளுக்குள் எழுதி, இது அல்லது அது என்று நடுவில் | இப்படியொரு நெட்டைக் கோடு போட்டிருக்கிறாள். அதில் ஏதோ கோளாறாம். "ஒரு கோட்டுக்கு ஒரு கிழமையோ பிள்ளை? அடிமட்டத்தைத் தா, நான் கீறுறன்" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு புரோகிராமை அப்படியே என் கைபேசியில் ஏற்றித் தந்தாள்.

மார்ச் 5
நாளைய பட்டியலில் ஒரு வரிக்குப் பெயரே இல்லை. ஊரையெல்லாம் பகிடி பண்ணுகிறவன் நான்; யாரோ பகிடியைத் திருப்பித் தருகிறான் என்று அந்த வரியை வெட்டிவிட்டேன்.

மார்ச் 6
அன்னபூரணம் அக்கா பையோடு துறையில் நின்றார். படகு நிறைந்து கயிறும் அவிழ்த்தாயிற்று. "பேர் இல்லாத ஆக்களுக்குக் கடலிலதான் இடம் அக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "நேற்றே போட்டனான் தம்பி" என்றுவிட்டுத் திரும்பி நடந்தார்.

பின்னேரம்தான் தெரிந்தது. இன்று யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கண் சத்திரசிகிச்சை. ஆறு மாதம் காத்திருந்த நாள்.

மார்ச் 7
நிருஜா தாளில் கீறிக் காட்டினாள். ஒவ்வொரு அடைப்புக்குறியும் பிடித்ததைத் தன் பெட்டியில் போடுமாம். கோட்டைத் தாண்டினாலும் பெட்டி இலக்கம் தொடரும்: முதல் மாதிரிக்கு ஒன்று, இரண்டு, மற்றதுக்கு மூன்று, நாலு. வட்டாரம் முதலில் வந்தால் பெயர் நாலாம் பெட்டியில் கிடக்கும். பட்டியல் பார்த்ததோ முதலாம் பெட்டியை, அது வெறுமை. "அதுக்குத்தான் மாமா ஒரு கிழமை கேட்டனான்."

முதலாவது வெறுமையென்றால் நாலாவதைப் பார் — அவ்வளவுதான் திருத்தம். அந்த மனிசி மங்கின கண்ணோட தட்டித் தட்டி எழுதின பேர். வெட்டிப்போட்டு நக்கலும் அடிச்சனான். ஏன் இந்த வாய்?

மார்ச் 9
அக்கா வீட்டுப் படலைவரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 2
அக்காவுக்குப் புதுத் திகதி ஜூன் 12. அதுவரை மற்றக் கண்ணும் மங்காமல் இருக்கவேணும்.

ஜூன் 12
அக்காவை நானே கூட்டிப் போனேன். வட்டாரத்தை முதலில்தான் எழுதியிருந்தார். பெயர் சரியாக வந்தது. துறையில் மன்னிப்புக் கேட்டேன். "கதைக்காமல் ஏறும் தம்பி" என்றார். அவரைக் கைபிடித்து ஏற்றிவிட்டு நான் கால் வைத்தேன். படகு ஓரடி விலகியது. கழுத்தளவு தண்ணீரில் விழுந்தேன். அக்கா பட்டியலைக் கேட்டு வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். "பேர் இருக்குது, ஏத்துங்கோ" என்றார்.