இரட்டை சிலிண்டரும் இடது தோளும்

1983 பிப்ரவரி 8, செவ்வாய்

பலராமன் சார் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். நல்லவாட்டுக்கு நேரே கடலில், பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்தில், ஒரு பழைய இரும்புப் படகு மூழ்கிக் கிடக்கிறது. அதில் சிக்கி மீன்காரர்களின் வலைகள் கிழிகின்றன. படகைத் துண்டு துண்டாக வெட்டி மேலே எடுக்கும் வேலையை அவர் ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார். அந்த ஆழத்தில் நின்று வேலை செய்ய ஒரு சிலிண்டர் காற்று போதாது. முதுகில் இரண்டு வேண்டும். இறங்க இரண்டு பேர். ஒருவன் அவரிடம் ஏற்கெனவே டைவராக இருக்கும் இருசப்பன். இன்னொருவன் நான் என்று நான் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

என் இடது தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்படையில் டைவராக இருந்தபோது இரண்டு முறை கழன்ற தோள். அதற்காகத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கை முன்னால் நீளும், பாரம் தூக்கும். தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் மட்டும் போகாது.

"ரெட்ட சிலிண்டர மாட்டி கழட்ட முடியுமா ரஷீத்து?"

"முடியும்."

"தண்ணிக்குள்ள? வலையில சிக்கினா நீயேதான் கழட்டணும்."

"தண்ணிக்குள்ளதான்."

முடியுமா? தெரியாது. சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் இரும்புக் கடை ஹமீது அண்ணன் பிடித்துக்கொண்டார். அதற்குள் வில்லியனூர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. "கடையில வந்து குந்துடா. ஆணி எடை போட்டா தோளு கழலாது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லோருக்கும் என் மேல் பிரியம். அந்தப் பிரியத்தைத்தான் தாங்க முடியவில்லை.

ஆணி விற்பது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேலை வேறு, அவ்வளவுதான். முப்பத்து நாலு வயதில் என்னைச் சுருட்டி மூலையில் வைக்க இவர்கள் யார்?

பிப்ரவரி 14, திங்கள்

இரண்டு சிலிண்டரை முதுகோடு கட்டும் ஹார்னஸ் விஷயத்தில் இன்று சண்டை. சண்டை என்றால் நான்தான் சத்தம் போட்டேன்.

பலராமன் சார் சிங்கப்பூரிலிருந்து ஒன்று வரவழைத்து வைத்திருந்தார். தோளில் மெத்தை. இரண்டு தோளிலும் பக்கிள், மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று. தோள் பக்கிளை அமுக்கினால் பட்டை விட்டுவிடும், கையை வளைக்கவே தேவையில்லை. "உன் தோளுக்கு ஏத்ததுன்னுதான் எடுத்து வெச்சேன்பா" என்றார்.

நான் பழகியது அப்படி இல்லை. முதுகில் ஒரு தகடு. அதன் துளைகளில் நுழைந்து, நடுவில் வெட்டே இல்லாமல் ஒரே நீளப் பட்டை இரண்டு தோளையும் சுற்றி இடுப்புக்கு வரும். இடுப்பில் ஒரே ஒரு பக்கிள். கால் இடுக்கு வழியாக இன்னொரு பட்டை, பாரம் தலைப்பக்கம் ஏறாமல் கீழே பிடித்துக்கொள்ள. உடைவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. போன வாரமே திருபுவனை பட்டறையில் எவர்சில்வர் தகடு ஒன்றை வளைத்துத் துளை போட்டு வாங்கிவிட்டேன்.

"அது நல்ல தோளு இருக்கறவன் மாட்டுறது" என்றார்.

அப்போதுதான் கத்தினேன். அவர் கத்தவில்லை. "எத வேணா போடு. கிணத்துல எறங்கி, யாரும் தொடாம கழட்டி, திரும்ப மாட்டிக் காட்டு. காட்டினா வா" என்றார். நியாயமான பேச்சு. அதுவும் கோபத்தைக் கிளப்பியது.

பிப்ரவரி 20, ஞாயிறு

பாகூர் பக்கம் ஒரு பெரிய பம்புசெட் கிணறு. என் தகடு, என் பட்டை. அடியில் மண்டியிட்டு இடுப்புப் பக்கிளை விட்டேன். காற்றுக் குழாய் வலது தோள் வழியாக வாய்க்கு வருவதால் இடது கையை முதலில் கழற்றச் சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கழற்றினேன். முழங்கை பட்டைக்குள் பாதியில் நின்றது. முன்னால் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. தோளுக்குள் கத்தி விட்டது போல வலி. இருசப்பன் வந்து பட்டையை இழுத்து விட்டான்.

திரும்பி வரும்போது இருசப்பன் மெதுவாகச் சொன்னான்: "பாய், கோச்சுக்காத. கீழ நீ மாட்டிக்கினா உன்ன வுட்டுட்டு நான் மேல வரமாட்டேன். ரெண்டு பேருமே போயிடுவோம். அதான் எனக்கு பயம்."



பிப்ரவரி 21

எதுவும் எழுதத் தோன்றவில்லை. விடமாட்டேன்.

பிப்ரவரி 26, சனி

சரி என்று அந்த சிங்கப்பூர் மெத்தையையும் மாட்டிப் பார்த்தேன். பார்க்காமலே வேண்டாம் என்றால் வீம்பு என்பார்கள். வீம்புதான். இருந்தாலும் பார்த்தேன்.

ஒற்றை சிலிண்டருக்கு அது நன்றாகவே இருக்கும். இரண்டு ஏறியதும் மெத்தை தொய்ந்து, முதுகில் பாரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. தலை குனிந்தால் சிலிண்டர் பின்மண்டையில் இடித்தது. கழற்றுவது மட்டும் சுலபம். திரும்ப மாட்டிக்கொண்டு நீந்துகையில் இடது தோள் பக்கிள் கிணற்றுச் சுவர்க் கல்லில் உரசித் தானாகவே திறந்துகொண்டது. இரண்டு சிலிண்டரும் வலப்பக்கமாகச் சாய்ந்து என்னைக் குப்புறத் தள்ளின.

"கழட்ட ஈசியா இருந்துச்சா?" என்று பலராமன் சார் மேலே நின்று கேட்டார்.

"நான் கழட்டாமலே கழலுது சார்."

இந்த முறை அவர் சிரித்தார். பிறகு, "அப்ப உன் பட்டையிலயே இடது பக்கம் மட்டும் ஒரு பக்கிள் வெச்சிக்கோ" என்றார். வேண்டாம் என்றேன். கீழே கிணற்றுக் கல் இல்லை, துருப்பிடித்த இரும்பு இருக்கிறது. அது மட்டும்தான் காரணமா? இல்லை. இடது பக்கம் மட்டும் பக்கிள் வைத்தால், பார்க்கிறவன் ஒவ்வொருவனும் ஏன் என்று கேட்பான்.

மார்ச் 1, செவ்வாய்

என் மனைவி கைருன்னிசா, நான் வீட்டில் தகட்டை மாட்டிக் கழற்றிப் பழகுவதைப் பார்த்தும், இத்தனை நாள் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தாள். இன்று காலை நான் சட்டை போடும்போது பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னா பாக்கற?"

"சட்டை போடும்போது எந்த கைய மொதல்ல வுடறீங்க?"

இடது கையை. அதைக் கீழேயே வைத்து நுழைத்துவிட்டு, பிறகு நல்ல கையை வளைத்துப் போடுகிறேன். கழற்றும்போது நல்ல கை முதலில், இடது கை கடைசியில். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். நான் கவனித்ததே இல்லை.

"அந்த பட்டைய மட்டும் ஏன் தலகீழா மாட்டறீங்க?"

"அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப உங்க தோளு நல்லா இருந்திச்சு."

பலராமன் சார் இதையே சொன்னபோது கத்தினேன், இவளிடம் கத்தவில்லை. கோபமாகத்தான் கிளம்பினேன். பஸ்ஸில் போகப் போக ஒவ்வொன்றாக விளங்கியது. வலது கையை முதலில் கழற்றினால் குழாய் இழுக்கும், அதற்கு நீளமான குழாய் போடலாம். தோள் பட்டையை உடம்போடு இறுக்க வேண்டியதே இல்லை. கால் இடுக்குப் பட்டைதான் கீழே பிடிக்கிறதே, தோளில் தாராளமாகத் தளர விடலாம். வெட்டு வேண்டாம், பக்கிளும் வேண்டாம்.

மார்ச் 4, வெள்ளி

கிணறு. கழற்றினேன். மாட்டினேன். யாரும் தொடவில்லை. பலராமன் சார் இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை. அதன் பிறகு அவர் கேட்காமலே மூன்றாவது முறை செய்தேன். அது தேவையில்லாத திமிர். பரவாயில்லை.

மார்ச் 9, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

கடல் கலங்கல். கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. படகின் பின்பக்கத்தில் வடம் கட்டிவிட்டுத் திரும்பினால் முதுகை யாரோ பிடித்து நிறுத்தியது போல இருந்தது. பழைய வலை. இரும்பில் சுற்றிக் கிடந்தது என் சிலிண்டர் தலையிலும் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. இருசப்பன் படகின் மறுபக்கம். மேலே போகும் கயிற்றை இழுத்துச் செய்தி சொல்லலாம் என்றால் கயிறும் வலைக்குள்.

பயந்தேனா? பயந்தேன். மூச்சு வேகமாக ஓடியது. அதை அடக்கத்தான் நேரமாயிற்று. பிறகு இடுப்பு. கால் இடுக்கு. வலது கை. இடது கை தானாக நழுவி வந்தது, சட்டை கழற்றுகிற மாதிரி. காற்றுக் குழாயைப் பல்லால் கடித்தபடி சிலிண்டர்களை முன்னால் திருப்பி, மடியில் வைத்துக்கொண்டு வலையை அறுத்தேன். ஒவ்வொரு இழையும் தெரிந்தது. இடது கையை நுழைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இருசப்பன் கலங்கலுக்குள்ளிருந்து வந்தான். என்னைத் தொட வந்த கையை நிறுத்திக்கொண்டான். பக்கத்திலேயே நின்றான். நான் பக்கிளைப் போட்டு முடித்ததும் கட்டை விரலை மேலே காட்டினான். சேர்ந்தே ஏறினோம்.

எங்கள் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு, "பாய், அந்த தகடு எங்க செஞ்ச?" என்று கேட்டான்.

வீட்டில் வலையைப் பற்றிச் சொல்லவில்லை.

மார்ச் 10

சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

ஏப்ரல் 2, சனி

இரும்பு முழுவதும் கரைக்கு வந்துவிட்டது. நாளை முதல் பஸ்ஸில் காரைக்கால். முகத்துவாரத்தில் வேலை, மழைக்கு முன் முடிக்க வேண்டும். இந்த முறை பலராமன் சார் கேள்வி எதுவும் கேட்கவில்லை, தேதியை மட்டும் சொன்னார்.

கைருன்னிசா பை கட்டிக்கொண்டிருந்தாள். துணிகளுக்கு நடுவில் ஒரு பாட்டில் தைலம் வைத்தாள். அது எதற்கு, எனக்கு வலியெல்லாம் இல்லை என்றேன்.

"ராத்திரி எந்த பக்கமா திரும்பி படுக்கறீங்கன்னு எனக்கு தெரியாதா" என்றாள்.

பாட்டில் பையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.