வலது முழங்கால்

மேற்குத் தாம்பரம்
12-2-1968

அன்புள்ள மச்சான் ஜெபசீலனுக்கு,

ஹாஜா மைதீன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கோயம்புத்தூர்த் தண்ணீர் உன் உடம்பைத் தேற்றியிருப்பதை மில்லின் ஃபுட்பால் டீம் ட்ரையல் அன்று பார்த்தேன். அதிகாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தெரிந்ததாகவே காட்டவில்லை. பரவாயில்லை, ஆள் எடுக்கிறவன் அப்படித்தான் இருக்கவேண்டும்.

இரண்டு கோல் போட்டேன். இனி உன் குறிப்பு ஒன்றுதான் பாக்கி. பரிதாவின் அத்தா பிடிவாதமாக இருக்கிறார். "பந்து ஒதைக்கிறவனுக்கு எவன்பா பொண்ணு குடுப்பான்? மில்லுல வேலை கீதுன்னு கடுதாசி இட்டாந்து காட்டு, அப்பால பேசலாம்" என்கிறார். ஏப்ரல்வரை பொறுப்பாராம். என் கல்யாணம் உன் பேனாவில் இருக்கிறது.

உன்
ஹாஜா

கோயம்புத்தூர்
24-2-1968

அன்புள்ள ஹாஜா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்னை எடுக்கவில்லை.

நான் எழுதியதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்வதுதான் முறை. தாளில் நிறை, குறை, சிபாரிசு என்று மூன்று கட்டம். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரே எட்டில் திரும்பி இடது காலால் அடிக்க மெட்ராஸில் இன்னொருவன் இல்லை என்று நிறையில் எழுதினேன். பந்து பறிபோனால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறான், கூட ஆடுகிறவனை மைதானத்திலேயே ஏசுகிறான் என்று குறையில் எழுதினேன். வலப்பக்கம் ஆள் மோதவந்தால் பயந்து காலை இழுத்துக்கொள்கிறான் என்றும் எழுதினேன். அந்த வரிதான் உன்னைக் கவிழ்த்தது. சிபாரிசில் 'இல்லை' என்று போடும்படி ஆயிற்று.

நண்பன் என்பதற்காகப் பொய் எழுதக் கை வரவில்லை. கோபிக்காதே. என் மனைவி தபீதாள் உன்னை விசாரித்தாள்.

அன்புடன்
ஜெபசீலன்

மேற்குத் தாம்பரம்
2-3-1968

ஜெபசீலனுக்கு,

உன் கடிதத்தை சைக்கிள் கடையில் நின்றபடியே படித்தேன். பந்து போனால் திரும்பி ஓடமாட்டேன், உண்மை. கண்டபடி ஏசுவேன், நீயே எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாய். அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

பயம் என்று எழுதினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அறுபத்தைந்தில் செம்பாக்கம் ஏரி வற்றிக் கிடந்தபோது உள்ளே இறங்கி ஆடினோம். நான் உன்னைத் தாண்டிப் போன ஆத்திரத்தில் பின்னாலிருந்து என் வலது முழங்காலில் பூட்ஸை இறக்கினாய். மூன்று மாதம் படுத்துக் கிடந்தேன். அந்த வாரம்தான் உன்னைப் பார்க்க மில்லிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. கூட ஆடுகிறவன் காலை உடைக்கிறவன் என்று தெரிந்தால் உன்னை யார் எடுப்பார்கள்? வீட்டிலும் டாக்டரிடமும் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய்.

காலை இழுத்துக்கொள்கிறான் என்று எழுதியவனுக்கு ஏன் என்று எழுதத் தெரியவில்லை. நீ பொய் எழுதவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டாய்.

ஹாஜா மைதீன்

கோயம்புத்தூர்
19-6-1968

அன்புள்ள ஹாஜா,

நான்கு கடிதம் போட்டும் பதில் இல்லை. பரிதாவைக் கோவளத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நம் கோல்கீப்பர் எட்மண்ட் எழுதியிருந்தான்.

காரணம் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இடம் இருந்தது. எழுதியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். நான் செய்தது வெளியே வந்திருக்கும். பயந்தவன் நான்தான்.

வைவதானாலும் வை. என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரியாவது எழுது.

உன்
ஜெபசீலன்

மேற்குத் தாம்பரம்
27-6-1968

ஜெபசீலனுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். கார்டிலேயே எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, தபீதாள் படித்தாலும் சரி.

நிறை: பந்தை எங்கே கேட்டாலும் அங்கே கொண்டுவந்து வைப்பான். நான் போட்ட கோல்களில் பாதி அவன் கால் கொடுத்தது. இதை ஒருநாளும் அவனிடம் நான் சொன்னதில்லை. அது என் குறை.

குறை: பின்னாலிருந்து வருவான். இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

சிபாரிசு: இல்லை.

ஹாஜா மைதீன்